'வரலாறு காணாத' என்று எழுதும் முன் ஒரு மரத்துண்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் மட்டும் உங்கள் பத்திரிகையில் மூன்று தலைப்புகளில் 'வரலாறு காணாத' என்ற சொல்லைப் பார்த்தேன். ஒன்று மழைக்கு, ஒன்று வெயிலுக்கு, இன்னொன்று ஓர் ஏரி வற்றிப்போனதற்கு. எழுதியவர்களைக் குறை சொல்ல வரவில்லை, ஊரே அப்படித்தான் பேசுகிறது. ஆனால் எத்தனை வருடத்து வரலாறு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். இந்திய வானிலைத் துறை தொடங்கியதே 1875-ல்தான். அதற்கும் முன்பிருந்து மழையை அளந்துவந்த சென்னையில்கூடக் கணக்கு இருநூறு வருடத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் பெய்ததும் பொய்த்ததும் யாரும் குறித்துவைக்காமல் போய்விட்டது என்றுதான் நானும் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். குறித்துவைத்திருக்கிறது, மரம். அதுவும் நான் தினமும் அறுத்துத் தள்ளுகிற மரம்.

நான் காரைக்குடியில் பழைய மரம் வாங்கி விற்கிறவன், முப்பது வருடமாக இதுதான் தொழில். செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தால் தூண், உத்திரம், கைமரம், நிலை, கதவு எல்லாம் எங்களைப் போன்றவர்கள் கைக்குத்தான் வரும். பெரும்பாலும் பர்மாத் தேக்கு. உத்திரத்தின் முனை சுவருக்குள் இருந்ததால் சுண்ணாம்பு ஒட்டி, சில சமயம் ஆணியும் ஏறிக் கிடக்கும். அந்த முனையை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்துத் தள்ளிவிட்டு மீதிக்குத்தான் விலை பேசுவோம். அறுத்துத் தள்ளியது விறகு. அப்படி எத்தனை நூறு துண்டுகளை டீக்கடை அடுப்புக்கு அனுப்பியிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. இன்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

என் மகள் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது ஒருநாள் கடைக்கு வந்து, "அப்பா, தேக்குல ஒரு முனைத்துண்டு நல்லா இழைச்சுக் குடுங்க, ரெக்கார்டுக்கு வேணும்" என்றாள். இழைத்து, 80-ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டு, அப்புறம் 220, கடைசியில் 400 போட்டு, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தேன். முப்பது வருடமாகத் தேக்கில் கை வைக்கிறவன் அன்றைக்குத்தான் தேக்கைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் குண்டூசியால் குத்திவைத்தது போல வரிசையாகச் சிறு துளைகள், அதன்பின் போகப் போக நெருக்கமான, கெட்டியான கட்டை, மறுபடி துளை வரிசை. மகள்தான் விளக்கினாள். தேக்கு கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், மழை தொடங்கியதும் தண்ணீரை வேகமாக இழுக்கப் பெரிய குழாய்களாகப் போடும், பருவம் முடிய முடிய குழாய் சிறுத்துக் கட்டை இறுகும். அதனால் ஒரு வருடம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. நல்ல மழை வருடத்து வளையம் என் சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலம் இருந்தது. ஓரிடத்தில் ஏழு வளையங்கள் ஒரு நெல்மணியின் நீளத்துக்குள் நெருங்கிக் கிடந்தன. ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினோம். நடுப்பகுதி இல்லாத, ஓரமும் செதுக்கப்பட்ட அந்தத் துண்டிலேயே 162 வளையம்.

எல்லா மரத்திலும் இப்படிப் பார்க்க முடியாது. நம் ஊர் போன்ற வெப்ப நாடுகளில் குளிர்காலம் என்று வளர்ச்சி நிற்பதில்லை, அதனால் பல மரங்களில் வளையம் தெளிவாக விழாது. பனையிலும் தென்னையிலும் வளையமே கிடையாது. வைரம் உள்ளே பாய்ந்தது அகக்காழ், வெளியே பாய்ந்தது புறக்காழ் என்று நம் முன்னோர் பிரித்துவைத்தது இங்கே அப்படியே பொருந்துகிறது. வளையம் பார்க்க வேண்டுமானால் அகக்காழ் மரத்துக்குத்தான் போக வேண்டும், அதிலும் தேக்கு மாதிரி வருடம் ஒருமுறை ஓய்வெடுக்கிற மரமாக இருந்தால் நல்லது.

சரி, எண்ணினால் போதுமா என்றால் போதாது. மரம் சில வருடம் இரண்டு வளையம் போல ஏமாற்றும், மோசமான வருடத்தில் ஒரு பக்கம் வளையமே போடாமலும் விட்டுவிடும். அதனால் ஒரு மரத்தை இன்னொரு மரத்தோடு வைத்துப் பார்க்கிறார்கள். ஒரே வட்டாரத்தில் வறட்சி வந்தால் எல்லா மரத்துக்கும்தான் வரும், ஆக அகலம், குறுகல், குறுகல், அகலம் என்ற அந்த வரிசை ஒரு மரத்தில் இருப்பது போலவே பக்கத்து மரத்திலும் இருக்கும். இந்த முறையை நிலைநாட்டியவர் அமெரிக்காவில் அரிசோனாவில் இருந்த ஆன்ட்ரூ டக்ளஸ். அவர் தாவரவியல் ஆள்கூட இல்லை, வானியல் அறிஞர். சூரியப் புள்ளிகளின் பதினொரு வருடச் சுழற்சி பூமியின் மழையில் தெரிகிறதா என்று பார்க்கப் பழைய மழைக் கணக்கு தேடியவர், கணக்கு இல்லாததால் பைன் மரங்களிடம் போனார்.

அவர் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1929-ல் நடந்தது. உயிரோடு இருந்த மரங்களிலிருந்து பின்னோக்கி ஒரு வரிசை அவர் கையில் இருந்தது. பழங்குடிகள் விட்டுப்போன பாழடைந்த வீடுகளின் உத்திரங்களை வைத்து 585 வருடத்துக்கு இன்னொரு வரிசையும் இருந்தது, ஆனால் அது எந்த நூற்றாண்டு என்று தெரியாது. இரண்டையும் இணைக்க ஒரு கட்டை கிடைக்கவில்லை. அந்த வருடம் ஜூன் மாதம் ஷோ லோ என்ற சிற்றூரில் பாதி எரிந்துபோன ஓர் உத்திரம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. அதில் 1237 முதல் 1380 வரை வளையம் இருந்தது. அந்த ஒரு கரிக்கட்டை இரண்டு வரிசைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டது. எந்த வீடு எந்த வருடம் கட்டப்பட்டது என்பது தெரிந்தது, 1276 முதல் 1299 வரை அந்தப் பகுதியை வாட்டிய நீண்ட வறட்சியும் தெரிந்தது. நான் விறகுக்கு அனுப்பியதும் உத்திரத் துண்டுகள்தானே என்று இதைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தினர் கேரளத்துத் தேக்கு மரங்களிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 வருடத்துக்கு வளைய வரிசை ஒன்றைக் கட்டி 2010-ல் வெளியிட்டார்கள். கிருஷ்ணதேவராயர் பட்டத்துக்கு வருவதற்கும் முந்தைய காலத்திலிருந்து வருடா வருடம் ஒரு பதிவு! பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோ வந்து பருவமழை பொய்த்த வருடங்களில் அந்த மரங்கள் இளைத்துப்போயிருக்கின்றன, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அது அடிக்கடி நடந்திருக்கிறது. இதற்கெல்லாம் மரத்தை வெட்ட வேண்டியதும் இல்லை. பென்சில் கனத்துக்கு, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு குச்சியைத் திருகி எடுக்கிற கருவி இருக்கிறது, மரம் அந்தத் துளையை ஆற்றிக்கொண்டு வளர்கிறது.

அதே 2010-ல் எட்வர்ட் குக் என்பவரும் கூட்டாளிகளும் ஆசியா முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைச் சேர்த்து, 1300-ல் தொடங்கி எழுநூறு வருடத்துக்கு எங்கே வறட்சி, எங்கே ஈரம் என்று வருடவாரியாக வரைபடமே போட்டுவிட்டார்கள். அதில் நான்கு பெரிய வறட்சிகளைத் தனியாக எடுத்துச் சொல்கிறார்கள். 1638-41, சீனாவில் மிங் அரசு சரிந்த காலம். 1756-68. 1790-96. கடைசியாக 1876-78.

அந்தக் கடைசி நமக்குத் தெரிந்ததுதான், தாது வருடப் பஞ்சம். எங்கள் அப்பத்தா, சோற்றை அவசரமாக அள்ளிச் சாப்பிட்டால் "தாது வருசத்துல அடிபட்டவன் மாதிரி திங்காதடா" என்பார். அப்பத்தாவே பார்த்ததில்லை, அவருடைய பாட்டி சொன்னது வழிவழியாக வந்திருக்கிறது. அந்தப் பேச்சும் மர வளையமும் ஒரே வருடத்தைக் காட்டுவதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. மழை பொய்த்ததை மரம் சொல்லும், இத்தனை லட்சம் பேர் ஏன் செத்தார்கள் என்பதை மரம் சொல்லாது. ஜனங்கள் பட்டினி கிடந்த அதே நேரத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. அதைக் காகிதத்தில்தான் தேட வேண்டும்.

1756-68 வறட்சி இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியது. இன்றைய தாய்லாந்தில் உள்ள அயுத்தயா நகரம் பர்மியப் படையிடம் விழுந்த 1767-ம் அதற்குள்தான் வருகிறது. வறட்சியால்தான் விழுந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் கடைக் கட்டைகளை இதோடு வைத்துப் பாருங்கள். பர்மாவில் தேக்கை அப்படியே வெட்டிச் சாய்க்க மாட்டார்கள், பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும், அதை அடுத்திருக்கும் வெளிர்நிறக் கட்டையான வெள்ளையையும் வெட்டி விட்டுவிடுவார்கள், மரம் நின்றபடியே இரண்டு மூன்று வருடம் காயும், அப்புறம் வெட்டி ஆற்றில் விட்டு ரங்கூனுக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து கப்பலில் நம் ஊருக்கு. 1890 வாக்கில் அப்படி வந்த ஒரு 150 வயது மரம் 1740-ல் முளைத்திருக்கும். அதாவது அந்தப் பன்னிரண்டு வருட வறட்சியையும் இளம் மரமாக நின்று பட்டு, காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு வளவு வீட்டின் உத்திரமாக இன்றைக்கும் படுத்திருக்கலாம். மியான்மரில் இன்று நிற்கிற தேக்குகளை வைத்து ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு மழையைக் கணித்திருக்கிறார்கள். அவ்வளவு வயதான மரங்கள் அங்கே காட்டில் குறைந்துகொண்டே வருகின்றன, நம் வீடுகளில் இருக்கின்றன. நாம் அவற்றை எரிக்கிறோம்.

இதைச் சொன்னால் இரண்டு பேச்சு வரும். முதலாவது, "பார்த்தீர்களா, அந்தக் காலத்திலேயே இவ்வளவு வறட்சி வந்திருக்கிறது, அப்புறம் என்ன பருவநிலை மாற்றம்" என்பது. எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டால் கோபமே வருகிறது. இயற்கை தானாகவே பன்னிரண்டு வருடம் வாட்ட முடியும் என்றால், அதன் மேல் நாம் சூட்டையும் ஏற்றிவைத்தால் என்ன ஆகும் என்றுதானே பயப்பட வேண்டும்? சூடு விஷயத்திலும் மரமே சாட்சி. ஆயிரக்கணக்கான மர வளையங்களை வைத்து 2024-ல் வெளியான ஆய்வு, பூமியின் வடபாதியில் வெப்பமண்டலத்துக்கு வடக்கே உள்ள நிலப்பகுதிகளுக்கு 2023-ன் கோடை 2,000 வருடத்தில் இல்லாத கோடை என்று காட்டியது. அந்த இடத்தில் 'வரலாறு காணாத' என்று தாராளமாக எழுதுங்கள், கையில் கணக்கு இருக்கிறது.

இரண்டாவது பேச்சில் நியாயம் உண்டு. கேரளத்துத் தேக்கு பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையைத்தான் சொல்லும், நம் மாவட்டங்களின் ஐப்பசி கார்த்திகை மழையை அது எவ்வளவு சொல்லும் என்பது வேறு கேள்வி. ஆனால் மேட்டூருக்கும் பெரியாறுக்கும் தண்ணீர் பெரும்பாலும் அந்தத் தென்மேற்கிலிருந்துதானே வருகிறது. நம் பக்கத்து மரங்களில் தேடினால்தான் நம் மழைக்கும் விடை கிடைக்கும்.

உங்களிடம் கேட்பது சிறிய விஷயம். மழை, வெயில் செய்தியில் 'வரலாறு காணாத' என்று போடும்போது 'இத்தனை வருடப் பதிவில்' என்று சேர்த்துப் போடுங்கள். அப்புறம், பழைய வீட்டைப் பிரிக்கிறவர்களுக்கும் என் தொழிலில் இருக்கிறவர்களுக்கும் உங்கள் பத்திரிகை மூலமாக ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். உத்திரத்து முனையை எரிக்கும் முன் குறுக்காக இரண்டு அங்குல கனத்தில் ஒரு வில்லை அறுத்து எடுத்துவையுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, வீடு கட்டிய வருடம் தெரிந்தால் அது, எந்த இடத்து உத்திரம் என்பதை அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள், மை ஊறிப் பரவிவிடும். ஓரத்தில் வெள்ளை மிச்சம் இருந்தால் செதுக்காமல் விடுங்கள், மரம் சாகும் முன் போட்ட கடைசி வருடங்கள் அங்கேதான் இருக்கும். கரையான் படாமல் காய்ந்த இடத்தில் வைத்தால் போதும், செலவு எதுவும் இல்லை.

என் கடை மாடியில் இப்போது பதினான்கு வில்லைகள் இருக்கின்றன. மகள் எண்ணியதில் அதிகம் உள்ளது 211 வளையம். ஏதாவது கல்லூரியோ ஆய்வு நிலையமோ கேட்டால் ஒரு பைசா வாங்காமல் கொடுத்துவிடுகிறேன், லாரி வாடகையும் என்னுடையது.

இப்படிக்கு,
பழைய மர வியாபாரி ஒருவர்,
காரைக்குடி.