கொலோனில் பவர் பேங்க் தந்த அம்மாவுக்கு

2022 பிப்ரவரி 24. ஜெர்மனியின் கொலோன் நகரில் கார்னிவல் திருவிழா வாரம். அன்று காலை 11.11க்குத் தெருக்கொண்டாட்டம் தொடங்கும், பெண்கள் ஆண்களின் டையைக் கத்தரிப்பார்கள் என்று ஆசையாகக் காத்திருந்தேன். கண் விழித்ததும் பார்த்தது, ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த செய்தி. கார்கிவ்வில் மருத்துவம் படித்த என் சித்தி மகன் மெட்ரோ நிலையத்தில் பதுங்கியிருந்தான். வெளியே கோமாளி வேஷமும் மேளச்சத்தமும். அறையை விட்டு வர மனமே வரவில்லை.

திங்கட்கிழமை, கார்னிவலின் பெரிய ஊர்வலமான ரோஜா ஊர்வலத்துக்குப் பதிலாக ஊரே அமைதிப் பேரணிக்குத் திரண்டது. இரண்டரை லட்சம் பேர் என்றது போலீஸ். குளோட்விக் சதுக்கத்தில் என் போன் அணைந்துபோனது. தம்பி அழைத்தால்? அழுதே விட்டேன்.

கன்னத்தில் உக்ரைன் கொடியின் நீலமும் மஞ்சளும் பூசியிருந்த நீங்கள் எதுவும் கேட்காமல் பவர் பேங்கை நீட்டினீர்கள். அப்புறம் விஷயம் தெரிந்ததும், மேடையில் பேசியதையெல்லாம் எளிய ஜெர்மனில் மெதுவாகத் திருப்பிச் சொன்னீர்கள். ஊர்வலத்தில் பிள்ளைகளுக்கு வீச வாங்கிய மிட்டாயைக் கை நிறைய என் பையில் போட்டீர்கள். தம்பி அழைக்கும்வரை, இரண்டு மணி நேரம், என்னோடு நின்றீர்கள்.

பெயர்கூடக் கேட்கவில்லை, அம்மா. மார்ச்சில் அவன் எல்லை தாண்டி ஊர் வந்து சேர்ந்துவிட்டான். உங்களுக்கு மனமார்ந்த நன்றி.