மேடையேறும் தம்பிக்கு

தம்பி,

பொங்கல் விழாவில் நீ பேசியபோது நானும் சிரித்தேன், முதலில் அதை ஒத்துக்கொள்கிறேன். தண்ணி லாரி, கரண்ட் கட், மாமியார் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு எல்லாம் பிரமாதம். அப்புறம் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' வந்தது. பிளஸ் டூவில் ஃபெயிலாகி, சாகப்போவதாக லெட்டர் எழுதி, அதிலும் எழுத்துப்பிழை விட்ட பையன் வந்தான்.

மூன்றாவது வரிசையில் ஒருத்தன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். போன வருஷம் சாக முயன்று பிழைத்தவன் அவன். (அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) மாதம் ஒருமுறை அம்மாவோடு கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்குவான். தெருவில் கேட்டால் பல் ஆஸ்பத்திரி என்பார் அம்மா. ஓ.பி. சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கும். பொங்கலுக்கு அடுத்த மாதம் அவன் போகவில்லை. பஸ்ஸில் யாராவது பார்த்துவிடுவார்களாம்.

பழி முழுக்க உன்மேல் இல்லை. 1794-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இப்போதைய இடத்துக்கு 1871-ல் வந்தது. நம் வியாசர்பாடியிலிருந்து ஓட்டேரி தாண்டினால் போதும். காய்ச்சலுக்கு ஸ்டான்லி போகிறவனை யாரும் 'ஸ்டான்லி கேஸ்' என்பதில்லை. இதற்கு மட்டும் பேட்டையின் பெயரே திட்டாகிவிட்டது. கேரம் போர்டில் காயைக் கோட்டை விட்டவனிடம் நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். போலீஸே விட்டுவிட வேண்டிய பையனை நீ மைக் பிடித்து நிற்க வைத்தாய்.

அப்போ ஜோக்கே கூடாதா? யார் சொன்னது? இந்த மாதம் அவனை என் வண்டியில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் சிரிப்புதான். அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் நம்பர் 14416-ஐ யாருக்கும் தெரியக் கூடாதென்று போனில் 'கேஸ் சிலிண்டர்' என்று போட்டு வைத்திருந்தானாம். அவன் அக்கா சிலிண்டர் புக் பண்ண அதையே அடித்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் பொறுமையாக, "சொல்லுங்க, என்ன கஷ்டம்?" என்று கேட்க, அக்கா மாமியாரில் ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினாராம். சிலிண்டரை மறந்தே போனார்.

இதை அவன் சொல்லிக் கேட்க வேண்டும், தம்பி. ஞாயிற்றுக்கிழமை கேரம் கிளப்புக்கு வா. அவனும் வருவான்.

இப்படிக்கு,
அண்ணன்