தமிழ் மகளிர் பயணக் குழு, அட்லாண்டா: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சகோதரிகளுக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வரவு செலவு தணிக்கை செய்யப்பட்டு இணைப்பில் இருக்கிறது. சந்தாவில் மாற்றமில்லை. நவராத்திரிச் சந்திப்பில் சுண்டல் மிஞ்சியது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. இந்த ஆண்டின் பெரிய வேலை, நம் ஊரின் கறுப்பினத் தோழிகளோடு சேர்ந்து மேற்கொண்ட அலபாமா பயணம். அடுத்து இதே வழியில் வேன் எடுக்கப்போகிறவர்களுக்குப் பயன்படும்படி அதன் ஏற்பாடுகளை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

ஏன் அலபாமா, கடற்கரை ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டவர்களுக்கு: 1946 முதல் இந்தியாவுக்கு இந்த நாடு வைத்திருந்த குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். அந்த முறையை ஒழித்த சட்டம் 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தானது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஆகஸ்ட் 6 அன்று, கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் வந்தது. நிறம் பார்த்து ஆளைப் பிரிப்பது தவறு என்று தெருவில் இறங்கி நிலைநாட்டியவர்கள் இல்லையென்றால் நம் குடும்பங்களில் பல இங்கே வந்திருக்காது.

அலபாமாவின் தலைநகரான மான்ட்கோமரிக்குக் கிளம்புமுன் ஒரு வாசிப்புக் கூட்டம் கட்டாயம். அந்நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும், அங்கேயே நின்றுவிடுகிறோம். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, 15 வயது கிளாடெட் கால்வின் பேருந்தில் எழ மறுத்துக் கைதானார். அதற்கும் முந்தைய ஆண்டில், மே 21 அன்று, பெண்கள் அரசியல் மன்றத்தின் ஜோ ஆன் ராபின்சன், பேருந்துப் புறக்கணிப்பு வரலாம் என்று மேயருக்கு எழுதிவிட்டார். பார்க்ஸ் கைதான இரவில், தான் பணிபுரிந்த கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டவரும் ராபின்சனே. பேருந்தில் நிறம் பார்த்து இருக்கை பிரிப்பதை ஒழித்த வழக்கை வென்று கொடுத்தவர்கள் நான்கு பெண்கள்: ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித். நம் பொருளாளர்கள் கவனிக்க வேண்டியவர் ஜார்ஜியா கில்மோர். மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்னதற்காகச் சமையல் வேலை பறிபோனபோதும் விடாமல், கோழியும் ‘பை’ எனும் பலகாரமும் கேக்கும் செய்து விற்று, புறக்கணிப்புக்கு நிதி திரட்டினார். கொடுத்தவர்களுக்கு ஆபத்து வரக்கூடாதென்று அந்தக் குழுவுக்கு ‘எங்கிருந்தும் இல்லாத கிளப்’ என்று பெயர். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை.

வண்டி. அட்லாண்டாவிலிருந்து மான்ட்கோமரி ஐ-85 நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 160 மைல். 15 பேர் வேன் ஓட்டச் சாதாரண உரிமமே போதும் என்பதால் அதையே கேட்கிறோம். ஆனால் அதில் பத்து பேரோ அதற்கு மேலோ ஏறினால், தனி வாகன விபத்தில் கவிழும் வீதம் ஆள் குறைவான வேனைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. எடை பின்னச்சுக்குப் பின்னாலும் மேலேயும் போய் உட்காருவதுதான் காரணம். ஆகவே இனி 12 பேர் வேன், அதிலும் கடைசி வரிசை காலி. கூரையில் பெட்டி கூடாது. கிளம்பும் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தம் பார்க்க வேண்டும். சொந்தக் காருக்கான காப்பீடும் கிரெடிட் கார்டு தரும் காப்பீடும் பெரும்பாலும் இந்த அளவு வேனை ஏற்பதில்லை. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டுநர் மாற்றம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நெடுஞ்சாலையில் ஓட்டியே பழகாதவர்களுக்கு ஞாயிறு காலைப் பயிற்சி வைத்தோம். “அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்காருவேன்” என்று பத்து வருடமாகச் சொல்லி வந்தவர்களை மனதில் வைத்தே அந்த ஏற்பாடு. துணைவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருப்பவர்களில் வேலை அனுமதி அட்டை இல்லாதவர்களுக்கு ஓட்டியதற்கோ வழிகாட்டியதற்கோ சன்மானம் தரக்கூடாது. அது அனுமதியற்ற வேலையாகிவிடும். குடியுரிமை இல்லாத எல்லோரும், நாட்டுக்குள் வந்ததைப் பதிவு செய்யும் ஐ-94 ஆவணத்தின் அச்சுப்படியையோ பச்சை அட்டையையோ கையில் வைத்திருக்க வேண்டும். போனில் படம் இருக்கிறது என்பது போதாது.

நேரக் குழப்பம். அலபாமா நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். மாநில எல்லையில் போன் தானாக மாறும், வேனின் கடிகாரம் மாறாது. போகும்போது ஒரு மணி கிடைப்பதால் யாருக்கும் உறைப்பதில்லை. திரும்பும்போது குழந்தையை அழைத்துவர வேண்டிய நேரம் தப்பிவிடும். பயணத்தாளில் இரண்டு நேரத்தையும் அச்சிடுகிறோம்.

மான்ட்கோமரியில், அடிமை முறையின் வரலாற்றைச் சொல்லும் லெகஸி அருங்காட்சியகமும், 2018-ல் திறந்த அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடமும் 2024-ல் திறந்த சிற்பப் பூங்காவும் ஒரே 5 டாலர் சீட்டில் அடங்கும். திங்கள், செவ்வாய் விடுமுறை. நீண்ட வார இறுதி என்று திங்களைச் சேர்த்துத் திட்டமிட்டால் பூட்டிய கதவாக இருக்கலாம். அருங்காட்சியகத்துக்குள் படம் எடுக்க அனுமதியில்லை. நினைவிடத்தில் மாவட்டம் மாவட்டமாக 800-க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் தொங்குகின்றன, கும்பல் கொலையில் இறந்த கறுப்பின மக்களின் பெயர்களோடு. நம் ஜார்ஜியா மாநிலத்தின் மாவட்டங்களும் உண்டு. நாம் குடியிருக்கும் ஃபுல்டன், குவினெட்டைத் தேடிப் பாருங்கள். அன்று மாலை வேறு நிகழ்ச்சி எதுவும் வைக்கக்கூடாது. கூட வரும் தோழிகளிடம் “உங்களுக்கு எப்படி இருக்கிறது” என்று உடனே கேட்பதையும் தவிர்க்கலாம். பேச விரும்பினால் அவர்களே பேசுவார்கள்.

அவர்கள் நம்மிடம் சாதி பற்றிக் கேட்பார்கள். “அதெல்லாம் இப்போது இல்லை” என்ற பதில் வேண்டாம். 1959-ல் திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் மார்ட்டின் லூதர் கிங்கை ‘அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர்’ என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்த கிங், பிறகு யோசித்து, ஆம் நானும் அப்படித்தான் என்று உணர்ந்ததாக 1965 ஜூலை 4 அன்று நம் அட்லாண்டாவின் எபனேசர் தேவாலயத்தில் சொன்னார். இதைப் படித்துவிட்டு வந்தால் பேச்சு நேர்மையாகத் தொடங்கும்.

இனி, பயணத்தின் மையம்: ஜீஸ் பெண்ட். அலபாமா நதி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஊர். அரசு வரைபடத்தில் பாய்கின் என்றிருக்கும், ஜிபிஎஸ்ஸில் அந்தப் பெயரைப் போடுங்கள். ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. அது அவர்களின் முன்னோரை அடிமையாக வைத்திருந்தவரின் பெயர். வாக்குரிமை கேட்டு ஆற்றைக் கடந்து மாவட்டத் தலைநகரான கேம்டனுக்குப் போனவர்களைத் தடுக்க 1962-ல் படகை நிறுத்தினார்கள். 2006-ல்தான் திரும்ப வந்தது. இப்போது ஓடுவது மின்சாரப் படகு, வண்டியோடு ஏறலாம். ஒரு நாளில் சில நடைகள் மட்டுமே. காற்றோ வெள்ளமோ இருந்தால் அதுவும் இல்லை. காலையில் தொலைபேசியில் விசாரிக்காமல் கிளம்பாதீர்கள். படகு இல்லையென்றால் சாலையில் சுற்றிக்கொண்டு சுமார் ஒரு மணி நேரம். பெட்ரோலை கேம்டனிலேயே நிரப்ப வேண்டும். சிக்னல் விட்டுவிட்டு வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

இங்குள்ள பெண்கள் தைக்கும் குயில்ட்கள், அதாவது துண்டுத் துணிகளை இணைத்த போர்வைகள், 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன, 2006-ல் தபால்தலைகளாகின. தொடக்கம் குளிர்தான். பலகை இடுக்கில் காற்று நுழையும் வீடு. வயலில் கிழிந்த முழங்கால் ஜீன்ஸ், மாவுச் சாக்கு, பழைய சட்டை. சதுரத்துக்குள் சதுரமாக வளர்வது ‘ஹவுஸ்டாப்’, நீளப் பட்டைகளாக அமைவது ‘லேஸி கேல்’. கோடு நேராக இல்லையே என்று குறை காணாதீர்கள். கிடைத்த துணியின் அளவுக்கு ஏற்பக் கை முடிவெடுத்த இடங்கள் அவை, மதிப்பும் அங்கேதான். 1966-ல் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவு தொடங்கியது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்ததற்காக வீட்டை இழந்த குடும்பங்கள் இருந்த நேரத்தில், பெண்களின் கைக்கு வந்த சொந்த வருமானம் அது.

வாங்கும் விதி கடுமையாகவே இருக்கட்டும். தைத்தவரிடமே வாங்குங்கள், பெரியது பல ஆயிரம் டாலர், சிறிய துண்டுகளும் கிடைக்கும். பேரம் கூடாது. டி. நகர் பழக்கத்தை வேனிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். வீடுகளையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. வடிவத்தைப் படமெடுத்து ரவிக்கைத் துணியில் அச்சடிக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது, செயற்குழு மறுத்தது. தங்கள் வேலையிலிருந்தும் வடிவங்களிலிருந்தும் உரிய பங்கு வரவில்லை என்று 2007-ல் இவ்வூர்ப் பெண்கள் சிலர் வழக்குகள் தொடுத்ததும், அடுத்த ஆண்டு அவை சமரசத்தில் முடிந்ததும் நினைவில் இருக்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும் குயில்ட் விழாவில் கூட்டமும் கலகலப்பும் உண்டு. நின்று பேச வேண்டுமென்றால் வேறு நாளில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதே மேல்.

சாப்பாடு: கீரையும் பீன்ஸும் பெரும்பாலும் பன்றி எலும்போடு வேகும். “இறைச்சி இல்லாமல்” என்றால் மேலே தெரியும் துண்டை மட்டும் எடுத்துத் தருவார்கள், எனவே “எதில் வேகவைத்தது” என்று கேளுங்கள். புளியோதரை தாங்கும், தயிர்சாதத்துக்கு ஐஸ் பெட்டி வேண்டும்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது: டிசம்பரில் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பகுதி. ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி சமூகப் பெண்கள் அங்கே ‘கவந்தி’ எனும் துண்டுத் துணிப் போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி முடிப்பார்கள், மூலைகளில் ‘பூலா’ எனும் பூ வைப்பார்கள். தோழிகளுக்கு இந்திய இ-விசா வேண்டும். போலித் தளங்கள் நிறைய, அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். விசா முத்திரை காலாவதியான ஹெச்-1பி (வேலை விசா), ஹெச்-4 உறுப்பினர்கள் தூதரக நேரம் உறுதியாகாமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

தீர்மானம் இப்போது வாக்கெடுப்புக்கு வருகிறது. பெயர் கொடுப்பவர்கள் முன்பணத்தோடு பொருளாளரைப் பார்க்கவும். வாசிப்புக் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு இடம் உறுதி இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்