ஐஞ்சாம் நம்பர் பட்டன்

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், வீட்டில எல்லாரும் சுகமோ? போன கிழமை நீ போன் எடுத்த நேரம் நான் முழங்காலுக்குப் பிசியோ செய்யிற இடத்தில நிண்டதால வடிவாக் கதைக்க ஏலாமல் போச்சு, அதுதான் ஆறுதலா இருந்து எழுதுறன். கால் இப்ப பரவாயில்லை, படியேறலாம், இறங்கேக்கதான் கொஞ்சம் பிடிக்குது. மகள் லீட்ஸ்ல வேலைக்குச் சேர்ந்து மூண்டு மாசம், ஞாயிற்றுக்கிழமை எண்டால் தாயோட வீடியோவில நிண்டு குழம்பு வைக்கிறாள். நீ உன்ர பேத்தி டொரொன்ரோவில பிறந்துபோட்டு லண்டன் பிள்ளை மாதிரி இங்கிலீஷ் கதைக்கிறாள், எல்லாம் அந்தப் பெப்பா பிக் எண்ட பண்டிக்குட்டிக் கார்ட்டூன் பாத்து வந்தது எண்டு சொன்னனீ எல்லோ, அதைக் கேட்ட நேரத்தில இருந்து எனக்கு ஒரே லண்டன்ல நாங்கள் இருந்த அந்த ஈஸ்ட்ஹாம் வீட்டு நினைப்புத்தான். ஏனெண்டு சொல்லுறன்.

பெப்பா பிக் முதல் முதல் வந்தது இங்கத்தை ஐஞ்சாவது ரீவி சனல், எங்கட சனல் ஃபைவ்ல தெரியுமோ. 2004ஆம் ஆண்டு மே மாசம். நீ அப்ப கனடா போட்டாய், என்ர மகளுக்கு மூண்டு வயசு, விடிய எழும்பி மில்க்ஷேக் எண்டு அதில போற பிள்ளையளின்ர நிகழ்ச்சி பாத்துக்கொண்டுதான் பால் குடிப்பாள், அது இல்லாட்டி வாயே திறக்க மாட்டாள். அந்தச் சனல் 2025 மார்ச் 12ஆம் திகதி திருப்பியும் பேர் மாத்திப்போட்டுது மச்சான். இப்ப வெறும் "5". சனல் எண்ட சொல் இல்லை, எழுத்து இல்லை, ஒரு இலக்கம் மட்டும். இன்ரநெற்றில பாக்கிற மை5 எண்டதையும் அதுக்குள்ளயே சேத்துப்போட்டாங்கள். ரீவியைப் போட்டிட்டு அந்தப் புது லோகோவை கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு இருந்தனான், மனிசி கேட்டா என்ன ஒரு மாதிரி இருக்கிறியள் எண்டு. எனக்கு அந்த ரியூன் பண்ண வந்த மனுசன்தான் கண்ணுக்க வந்து நிண்டவர்.

உனக்கு ஞாபகம் இருக்குமே. 97 தொடக்கம், சரியான குளிர், நாங்கள் ஐஞ்சு பேர், ஒரு ரீவி, கசற் போட்டுப் படம் பாக்கிற ஒரு டெக். பெல் அடிச்சுது, நீ மேல் யன்னலால எட்டிப் பாத்திட்டு, கழுத்தில காட் தொங்குது, கையில பை இருக்கு, ரீவி வைச்சிருக்கக் காசு கட்டிற லைசென்ஸைப் பாக்க வந்திட்டாங்கள் எண்டு சொல்லிப்போட்டு லைற்றை நூத்தனீ. லைசென்ஸ் கட்டித்தான் இருந்தது, ஆனா அந்தக் கடதாசி எங்க கிடக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான்தான் போய்க் கதவு திறந்தனான். மனுசன் சிரிச்சுக்கொண்டு, புதுச் சனல் ஒண்டு வருது, உங்கட டெக்கைச் சரி பண்ண வந்தனான், காசு ஒண்டும் வேண்டாம் எண்டார்.

அப்ப எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. டெக் தன்ர படத்தை ரீவிக்கு அனுப்புறது ஏரியல் வயராலதான், அதுவே ஒரு குட்டி ஸ்ரேசன் மாதிரி. 36ஆம் அலைவரிசைப் பக்கத்தில ரீவி சனல் ஒண்டும் இருக்கேல்லை, அதனால நாடு முழுக்க டெக்குகள் பெரும்பாலும் அந்த இடத்திலதான் ஓடினது. பிபிசியின்ர ரெண்டு சனல், ஐரிவி, சனல் 4 எண்டு நாலு சனலுக்கும் இடம் குடுத்தாப் பிறகு ஐஞ்சாவதுக்கு மிஞ்சினது பெரும்பாலும் அதுக்குப் பக்கத்தில 35உம் 37உம்தான். எங்கட ஊர் ஒழுங்கையுக்க ரெண்டு லொறி எதிரெதிரா வந்தா எப்பிடி இருக்கும், அப்பிடித்தான். கசற் போட்டால் படத்தில கோடு கோடா ஓடும். அதனால சனல் தொடங்க முதல் லட்சக்கணக்கான வீட்டுக் கதவைத் தட்டி, ஒவ்வொரு டெக்கா வேற இடத்துக்குத் திருப்பி விட வேண்டி வந்தது, அந்தச் செலவும் சனல்காரற்ற தலையிலதான். 97 ஜனவரி 1இல தொடங்க இருந்தது, இந்த வேலை முடியாமல் ஈஸ்ரர் வரைக்கும் தள்ளிப் போனது.

மனுசன் டெக்கை முன்னுக்கு இழுத்து, பின்னுக்கு ஒரு சின்ன ஓட்டைக்குள்ள ஸ்குரூ டிரைவரை விட்டு மெல்லமாத் திருப்பினவர், இழுத்த இடத்தில கிடந்த தூசியைத் தன்ர கைலேஞ்சியால துடைச்சும் விட்டவர். படம் வருதோ எண்டு பாக்க உள்ளுக்கு கிடந்த கசற்றைப் போட்டால், நாங்கள் முதல் நாள் கடையில வாடகைக்கு எடுத்த தமிழ்ப் படம், சரியா ஒரு பாட்டு நடுவில நிக்குது. மழை, சீலை, பின்னுக்கு முப்பது பேர் ஆட்டம். அந்த மனுசன் மேல் கோட்டும் போட்டபடி கையில ஸ்குரூ டிரைவரோட பாட்டு முடியும் வரைக்கும் நிண்டு பாத்தவர். நீ தேத்தண்ணி போட்டுக் குடுத்தனீ. போகேக்க றிமோட்டில ஐஞ்சாம் பட்டனை அமத்திக் காட்டி, ஈஸ்ரர் ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு இதை அமத்துங்கோ எண்டு சொல்லிட்டுப் போனவர்.

மார்ச் 30, பின்னேரம் ஆறு மணி. அமத்தினனாங்கள். ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாடித் தொடக்கி வைச்சவை, கலர் கலராக் கோடு, வட்டத்துக்குள்ள 5. ஆனா எங்கட வீட்டில மழை பெய்யிற மாதிரிப் புள்ளி, ஏனெண்டால் மற்ற நாலும் கிறிஸ்டல் பலஸ் கோபுரத்தால வருகுது, இது மட்டும் குரொய்டன் கோபுரத்தால. நீ ஏரியலைப் பிடிச்சுக்கொண்டு கதிரையில ஏறி நிக்க, நாங்கள் இப்ப சரி, இப்ப இல்லை எண்டு கத்தினது எல்லாம் நேற்று மாதிரிக் கிடக்கு. தென்கரையில கன இடத்தில அந்தப் புள்ளிப் படமும் இல்லை, பிரான்ஸ் நாட்டு ரீவியோட மோதும் எண்டு அங்க அனுப்பவே இல்லை.

எனக்கு ஏன் இந்தச் சனல்ல இவ்வளவு பாசம் எண்டு யோசிச்சுப் பாத்தனான் மச்சான். மற்ற நாலும் நாங்கள் இந்த நாட்டுக்கு வர முதலே இங்க இருந்ததுகள், வெள்ளைக்காரற்ற அம்மம்மா வீட்டுச் சாமான் மாதிரி. இது ஒண்டுதான் எங்களுக்குப் பிறகு வந்தது, அதுவும் வாசல்ல வந்து பெல் அடிச்சு, சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு உள்ளுக்கு வந்தது. அந்தக் காலத்தில வேற ஆர் எங்கட பெல்லை அடிச்சவங்கள் சொல்லு.

பிறந்த கதையும் லேசான கதை இல்லை. 95இல சனல் நடத்துற லைசென்ஸை ஏலம் விட்டநேரம் சனல் 5 கூட்டுக்காரரும் வேர்ஜின் கூட்டுக்காரரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் ஒரே தொகையைக் கேட்டிருக்கினம், வருசத்துக்கு 2 கோடியே 20 லட்சத்து 2 ஆயிரம் பவுண். அந்த ரெண்டாயிரம் வரைக்கும் ஒண்டு! 3 கோடி 60 லட்சத்துக்கு மேல கேட்டவையும் இருந்தவை, ஆனா நிகழ்ச்சித் தரம் காணாது எண்டு அவையைத் தள்ளிப்போட்டு சனல் 5 கூட்டுக்காரருக்குக் குடுத்தவங்கள், வேர்ஜின்காரர் கோட்டுக்குப் போயும் பலிக்கேல்லை.

வந்து கொஞ்ச நாளில ஆக்கள் நக்கலடிக்கத் தொடங்கிட்டினம். காசில்லாத சனல், ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு ஒரு படம், நடுச்சாமத்தில பிள்ளையளோட இருந்து பாக்க ஏலாத சாமான். ஆனா அவங்கள் செய்த நல்லதை ஒருத்தரும் சொல்லுறேல்லை. கிர்ஸ்ரி யங் மேசை விளிம்பில சாய்ஞ்சு நிண்டு நியூஸ் வாசிச்சது ஞாபகம் இருக்கோ, அதுக்கு முதல் இங்க எல்லாரும் மேசைக்குப் பின்னால பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருந்துதான் வாசிச்சவை. இண்டைக்கு எல்லாச் சனல்லயும் நியூஸ் வாசிக்கிற ஆக்கள் எழும்பி நடந்து திரியினம். எனக்கு இங்கிலீஷ் நியூஸ் விளங்கத் தொடங்கினதே அவ வாசிச்சுத்தான், முன்னுக்கு நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கும்.

பிறகு பேர் மாத்திற கதை. 2002 செப்ரெம்பர்ல சனல் எண்டதை வெட்டி, இலக்கத்தையும் எடுத்துப்போட்டு, "ஃபைவ்" எண்டு எழுத்தில எழுதினாங்கள், அதுவும் சின்ன எழுத்தில. பழைய கெட்ட பேரைக் கழுவத்தான் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு ஃபைவ் லைஃப், அது ஃபைவர், அது பிறகு 5 ஸ்டார் எண்டு கூடப் பிறந்ததுகளுக்கும் பேர் மாறிக்கொண்டே போனது. 2010இல டெய்லி எக்ஸ்பிரஸ் பேப்பர் வைச்சிருந்த ரிச்சட் டெஸ்மண்ட் 10 கோடி 35 லட்சம் பவுணுக்கு வாங்கி, அடுத்த வருசம் பெப்ரவரியில பழையபடி சனல் 5 எண்டு வைச்சார், பிக் பிரதரையும் கொண்டந்தார். நாலு வருசத்தில அமெரிக்காக்கார வயகொமுக்கு 45 கோடிக்கு வித்தார். 2016இல திருப்பியும் புது லோகோ. இப்ப பரமவுண்ட் எண்ட பேரில இருக்கிற அந்தக் கொம்பனிதான் இந்த "5"ஐ வைச்சிருக்கு. வாங்கிறவன் ஒவ்வொருத்தனும் வந்த உடனே வாசல்ல இருக்கிற பேரைத்தான் மாத்துறான், உள்ளுக்கு என்ன சமைக்கிறது எண்டு யோசிக்கிறது பிறகுதான். எனக்கு அது பிடிக்கேல்லை, உள்ளதைச் சொல்லுறன். 2002இல இருந்து அந்த எட்டரை வருசம் முழுக்க லோகோவில ஃபைவ் எண்டு இருந்தது, எங்கட வீட்டில ஒருத்தரும் ஒரு நாளும் அப்பிடிச் சொன்னதில்லை, சனல் ஃபைவ் எண்டுதான் சொன்னனாங்கள், வேலை செய்யிற இடத்தில வெள்ளைக்காரரும் அப்பிடித்தான்.

ஆனா ஒண்டு, அந்த ஃபைவ் எண்ட பேர் இருந்த காலத்திலதான் 2006இல கிரிக்கெற் ஹைலைற்ஸ் அதுக்கு வந்தது. நேரடி ஆட்டம் எல்லாம் ஸ்கைக்குப் போட்டுது, மாசம் மாசம் காசு கட்ட எங்களிட்ட எங்க. பின்னேரம் ஏழேகாலுக்கு சும்மா பாக்கக் கிடைச்சது இதில மட்டும்தான். அந்த ஜூன்ல நொட்டிங்காம் ட்ரென்ற் பிரிஜ்ல இங்கிலாந்துக்கு எதிரா முரளி 70 ஓட்டத்துக்கு 8 விக்கெற் எடுத்து, எங்கட இலங்கை 134 ஓட்டத்தால வெண்டு தொடரை 1-1 எண்டு முடிச்சது எல்லோ, அண்டைக்கு நான் ரெண்டு பவுண் போன் காட்டைச் சுரண்டி உனக்கு எடுத்து, ரிசீவரை ரீவிக்குக் கிட்டப் பிடிச்சனான். நீ நைற் சிஃப்ற் முடிச்சு அப்பதான் எழும்பின குரல்ல, இப்ப ஆர் அவுட், இப்ப ஆர் அவுட் எண்டு கேட்டுக்கொண்டு இருந்தனீ. காட் முடிஞ்சு லைன் அறுந்துது. அது எனக்கு எந்த ஃபைனலைவிடவும் பெரிசு மச்சான்.

இப்ப சனல் நல்லா இருக்கு, அதையும் சொல்ல வேணும். கொரோனா வருசம் செப்ரெம்பர்ல யோக்ஷியர் மாட்டு டொக்டர்மாரின்ர கதையைத் திருப்பி எடுத்துப் போட்டவங்கள், முந்தி பிபிசியில வந்ததுதான், ஆனா இது தனி வடிவு. மனிசி ஒரு கிழமையும் விடாமல் பாத்தவ. மலை, கல்லு மதில், கண்டுக்குட்டி ஈனுறது. அவவுக்கு ஊரில தாய் வீட்டில மாடு நிண்டது, ஒரு பசு கண்டு போட ஏலாமல் கஷ்ரப்படுற இடத்தில கண்ணைத் துடைச்சுக்கொண்டு, அப்பாவும் இப்பிடித்தான் ராத்திரி லாம்போட நிண்டவர் எண்டா. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசம், அந்தக் கதையை நான் கேட்டது அண்டைக்குத்தான். இப்பிடி நாலு நாடகம் எடுத்தால் காணும், லோகோ எந்த நிறத்தில இருந்தால் என்ன.

இந்த "5" எண்ட பேரைப் பற்றி ஆக்கள் என்னவெல்லாமோ சொல்லுகினம். எனக்கு இருக்கிற கவலை ஒண்டுதான். அண்டைக்கு அந்த மனுசன் அமத்திக் காட்டினது றிமோட்டில இருந்த ஐஞ்சாம் பட்டனை. இப்ப என்ர புது ரீவிக்கு வந்த றிமோட்டில இலக்கமே இல்லை, நெற்ஃபிளிக்ஸ் ஒரு பட்டன், யூரியூப் ஒரு பட்டன். பேர் மட்டும் ஐஞ்சு. மகளிட்ட சொன்னன், அவள் அப்பா நீங்கள் அப்பை டவுன்லோட் பண்ணுங்கோ எண்டிட்டு வைச்சிட்டாள். பண்ணினன், வேலை செய்யுது, படமும் துப்புரவா வருது, ஒரு புள்ளி இல்லை.

மற்றது, உனக்கு எழுத நினைச்ச முக்கியமான விசயம். அந்த டெக் இன்னும் என்ர லொஃப்ற்றில கிடக்கு. 2012இல லண்டன்ல பழைய அனலொக் ஒளிபரப்பை நிப்பாட்டினநேரம் எறியச் சொல்லி மனிசி நிண்டவ, நான் விடேல்லை. போன சனி மருமகன் முறையான பெடியனை ஏத்தி இறக்கிப் பாத்தனாங்கள், உள்ளுக்க ஒரு கசற் இறுகிக் கிடக்கு. ஸ்ரிக்கரில உன்ர கையெழுத்து, அக்கா கலியாணம், 94 எண்டு போட்டிருக்கு. நீ தொலைஞ்சு போச்சு எண்டு தேடித் திரிஞ்ச அந்தக் கசற்தான். பெடியன் ரேப் அறாமல் எடுத்திட்டான், ஓரத்தில கொஞ்சம் பூஞ்சணம். இல்போர்ட்ல கசற்றை மாத்திக் குடுக்கிற கடை ஒண்டு இருக்கு, திங்கட்கிழமை கொண்டு போறன். உங்கட அம்மா அதில இருப்பா எல்லோ. அக்காவுக்கு இப்ப ஒண்டும் சொல்லாத, படம் வருதோ எண்டு நான் முதல் பாத்திட்டு உனக்கு எடுக்கிறன்.

உன்ர,
ஈஸ்ட்ஹாம் வீட்டு மச்சான்