மறுநடவைத் தேடி வரும் கூட்டம்

குளுவாங், ஜொகூர், மலேசியா

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமலேயே கோவில் வரை நடந்து போய் வருகிறீர்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பேரனுக்குக் காது குத்தும் தேதி முடிவானதும் எழுதுங்கள். இங்கு அனைவரும் நலம். கடிதத்தின் கடைசியில் பாதி கிண்டலாக ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள்: காஹாங் பக்கத்துத் தோட்டத்துக்கு யானைகள் ஏன் மழைக்கு மழை வருகின்றன, இந்த வயதில் அவற்றின் பின்னால் அலைவதில் எனக்கு என்ன கிடைக்கிறது? முதல் பாதிக்குப் பதில் சொன்னால் இரண்டாவது பாதிக்கும் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

என் தங்கை மகன் அங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் துணை நிர்வாகியாக இருப்பது உங்களுக்குத் தெரியும். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்து ஆற்றோரத் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கத் தொடங்கியதும், எண்டாவ் ரொம்பின் காட்டு ஓரத்தில் திரியும் கூட்டம் ஒன்று மேட்டு நிலம் தேடித் தோட்டத்து எல்லைக்கு வந்துவிடுகிறது. கூட்டம் எந்தத் தீம்பாரில், அதாவது தோட்டத்தின் எந்தப் பகுதியில், நிற்கிறது என்று தெரியாமல் காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தில்) ஆட்களைப் பிரித்து அனுப்ப முடியாது. ஆகவே விடியுமுன் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரும், பெத்தா கிராமத்து ஜக்குன் பழங்குடி இளைஞர் ஒருவரும் எல்லைச் சாலையைச் சுற்றி வருகிறார்கள்; அவர்களோடு நானும் ஒட்டிக்கொண்டேன்.

யானையைப் பார்ப்பது அரிது. நாங்கள் பின்தொடர்வது அதன் தடத்தைத்தான். முன்காலின் தடம் ஏறக்குறைய வட்டமாகவும் பின்காலின் தடம் சற்று நீண்டும் இருக்கும். மழையில் ஊறிய செம்மண்ணில் நக வளைவுகள்கூடத் தெளிவாகத் தெரியும். ஜக்குன் இளைஞர் முன்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து அளந்து, அந்த நீளத்தை இரட்டித்து, தரையிலிருந்து தம் தலைக்கு மேலே கையை உயர்த்திக் காட்டுவார்: அதுதான் அந்த யானையின் தோள் உயரம். பெரிய தடங்களுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டளவே உள்ள குட்டியின் தடம் இருந்தால் அன்று மண்டோர் யாரையும் அந்தப் பக்கம் விடமாட்டார். தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலேயே வெளியே வந்துவிடுவதால், சாணத்தைக் குச்சியால் பிரித்தாலே முந்தைய நாள் அவை எங்கே மேய்ந்தன என்று தெரிந்துவிடும். மூங்கில் நாரும் புல்லும் இருந்தால் காட்டோரம். வெள்ளை நாராக இருந்தால் செம்பனைக் குருத்து. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ தீனி வேண்டிய உடம்பு அது. எங்காவது தேடித்தானே ஆக வேண்டும்?

ஆப்பிரிக்கச் சமவெளியில் மான் கூட்டங்கள் நூற்றுக்கணக்கான மைல் போய்த் திரும்புவதுபோல நம் யானைகள் போவதில்லை. சில நூறு சதுர கிலோமீட்டர் பரப்புக்குள், நீரையும் தீனியையும் உவர்மண்ணையும் பார்த்து, பெரிய பெண் யானை ஒன்றின் பின்னால் அவை சுற்றி வருகின்றன. அந்தச் சுற்றை இப்போது மழை மட்டுமா முடிவு செய்கிறது? நாமும் முடிவு செய்கிறோம் என்பதுதான், தோட்டத்து மறுநடவு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தடங்களைப் பார்த்தபோது எனக்குப் பட்டது. பெரிய மரங்கள் நிற்கும் தீம்பார்களில் கூட்டம் நிழலுக்காக நடந்து போகிறதே தவிர, பெரிதாக ஒன்றையும் கெடுப்பதில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு ஆன மரங்களைச் சாய்த்துப் புதுக்கன்று வைத்த தீம்பாருக்குப் போனதும் கதை மாறிவிடுகிறது. அங்கே மண்ணை மூடிக் காக்க வளர்க்கும் மூடுபயிர்க் கொடிகள் மிதிபட்டு, இலைகளின் வெளிறிய அடிப்பக்கம் மேலே தெரிய, அகலமான ஒரு பாதை கன்றுகளை நோக்கி நேராகப் போகிறது. கன்றைக் காலால் அழுத்தி, துதிக்கையால் பிடுங்கி, குருத்தை மட்டும் தின்றுவிட்டு மட்டைகளைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். செம்பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. அது போனால் மரம் செத்தது. ஒரு ஹெக்டருக்கு 136 முதல் 148 கன்று வரை வைப்பார்கள். காய்ப்புக்கு வரவே இரண்டரை ஆண்டாகும் என்னும்போது, ஒரே இரவில் பல வரிசைகள் போனால் நிர்வாகியின் முகம் எப்படி இருக்கும் என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நம் காலத்தில் இதற்குச் சொன்ன வழி பிடித்துக் கொண்டுபோய் விடுவது. வனவிலங்குத் துறை 1974-இல் அதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது; அஸ்ஸாமிலிருந்து பழக்கப்பட்ட யானைகளைக் கொண்டுவந்து, மயக்க ஊசி போட்ட காட்டு யானையை நடுவில் விட்டு லாரிவரை நடத்திப் போனார்கள். 1989-இல் பகாங்கில் கோலா கண்டா மையமும் வந்தது. அந்த வேலையின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இலங்கையில் இப்படி இடம் மாற்றிய யானைகளுக்கு நடமாட்டத்தைக் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிப் பார்த்து 2012-இல் வெளியான ஆய்வில், சில யானைகள் பிடித்த இடத்துக்கே திரும்பி வந்தன, சில நிலைகொள்ளாமல் அலைந்தன, சில மட்டுமே விட்ட இடத்தில் தங்கின. நம் நாட்டிலும் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளுக்குப் பட்டை கட்டிப் பார்த்ததில், அவை நடமாடும் பரப்பில் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு வெளியே இருப்பது தெரிந்தது. அடர்ந்த காட்டில் வெயில் தரையில் விழாது. புல்லும் மூங்கிலும் காட்டுவாழையும் செழிப்பது ஓரங்களில்தான். அந்த ஓரத்தில்தான் நாம் தோட்டம் போட்டிருக்கிறோம், சாலையும் போட்டிருக்கிறோம். 2025 மே மாதம் அன்னையர் நாளன்று கெரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் லாரிக்கடியில் சிக்கிய குட்டியை மீட்கத் தாய் யானை தலையால் லாரியை முட்டிக்கொண்டு நின்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி மேலே எழுத எனக்கு மனமில்லை.

மின்வேலி போடட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மரத்தைச் சாய்த்து வேலியின் மேல் தள்ளத் தெரிந்த பிராணி அது. யானையை விரட்டப் போடும் கார்பைட் வெடிச் சத்தமும் கொஞ்ச நாளில் அதற்குப் பழகிவிடும். மறுநடவைத் துண்டு துண்டாகக் காட்டோரம் நெடுகச் செய்யாமல், எல்லைத் தீம்பார்களை ஒரே சமயத்தில் நட்டு, கன்று பெரிதாகும் நான்கைந்து ஆண்டு மட்டும் காவலையும் வேலியையும் அங்கே குவித்து, கூட்டம் நடந்து போக ஆற்றோரத்து முதிர்ந்த மரங்களை அப்படியே விட்டுவைத்தால் இழப்பு குறையும் என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் தலையாட்டுகிறான். ஆனால் எத்தனை ஏக்கர் சாய்ப்பது என்பதைத் தீர்மானிப்பவர்கள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தடம் தெரியாது என்கிறான்.

இதில் நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. நீங்கள் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது ரப்பரைச் சாய்த்துச் செம்பனை வைத்த காலத்துத் தோட்ட வரைபடத்தின் நகல் ஒன்றை வைத்திருந்தீர்கள் அல்லவா? அதில் ஆற்றையொட்டிக் காடாக விட்டிருந்த பட்டை எது என்று குறித்திருக்கும். இப்போது கூட்டம் வரும் வழியை அதன்மேல் வரைந்து பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மேலிடத்துக்கு அதையே அனுப்பலாம் என்பது என் எண்ணம். தபாலில் அனுப்பாதீர்கள், நவம்பரில் நீங்களே கொண்டு வாருங்கள். இப்போது மின்ரயிலிலேயே குளுவாங் வந்து இறங்கலாம். முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம், எல்லைச் சாலை முழுவதும் வண்டி போகும். இரத்தம் குடிக்கும் அட்டை மட்டும் நிறைய இருக்கிறது; நீளமான காலுறை எடுத்து வாருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்