இருட்டும்வரை பொறுத்திருந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள வீட்டுக்காரர்களுக்கும், கூட நின்ற அண்ணன்மார் அக்காமாருக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் நம்ம குமரி மாவட்டத்தில் தேனீக்கள் குடி பிரியத் தொடங்கும். பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பி, இருட்டான பொந்து தேடும். மரப்பொந்துகளை நாம் விட்டு வைக்கவில்லை. அதனால் சுவர் அலமாரி, மீட்டர் பெட்டி, ஓட்டுக்கு அடியில் அடித்த பலகை என்று வீட்டுக்குள்ளேயே குடியேறுகின்றன. இந்தப் பருவத்தில் அப்படி எடுத்த கூடுகள் இப்போது எங்கள் தேன்பெட்டிகளில் புழு, அதாவது தேனீக் குஞ்சு, வளர்த்துக்கொண்டிருக்கின்றன. எடுத்தது நாங்கள்தான். ஆனால் அவை பிழைத்தது உங்களால்.

முதல் நன்றி, கூட்டை எரிக்கப் பந்தம் கட்டிய பிறகும் அதைக் கொளுத்தாமல் எங்களைக் கூப்பிட்டவர்களுக்கு. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பயம் வருவது நியாயம். அந்தப் பயத்தோடு நீங்கள் போன் செய்யும்போது, "சாயங்காலம்தான் வருவோம், அதுவரை துளையை அடைக்காதீங்க, மருந்து அடிக்காதீங்க" என்று சொல்வோம். கேட்கவே எரிச்சலாக இருக்கும். உச்சிவெயிலில் கூட்டை எடுத்தால், பூவுக்குப் போன தேனீக்கள் திரும்பி வந்து வெறும் சுவரில் அப்பிக் கிடக்கும். போக இடம் இல்லாமல் அங்கேயே சாகும். அதனால்தான் அத்தனையும் வீடு திரும்பும் வரை காத்திருக்கிறோம். நீங்களும் எங்களோடு காத்திருந்தீர்கள்.

தக்கலைப் பக்கத்து ஆச்சியை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பூட்டிக் கிடந்த அறையின் சுவர் அலமாரியில் ஏழு அடைகள் வரிசையாகத் தொங்கின. தேங்காய் நாரில் லேசாகப் புகை காட்டி, ஓர அடையிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்தோம். மேல் பாகம் தேன், அதற்குக் கீழே மகரந்தம், அடியில் புழுவும் முட்டையும். புழு அடையை உள்ளங்கையில் ஏந்தினால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சூடு தெரியும். புழு இருக்கும் இடத்தை 34, 35 டிகிரியிலேயே அவை வைத்திருக்கும். அந்த அடைகளைப் பெட்டிக்குள் நிற்கும் மரச்சட்டத்துக்கு ஏற்றபடி நறுக்கி, வாழைநாரால் கட்டிப் பெட்டியில் இறக்கினோம். தேன் அடையைக் கூடவே வைப்பதில்லை. ஒழுகினால் எறும்பு வந்துவிடும்.

ராணி மட்டும் கண்ணில் படவில்லை. பொழுது சாய்ந்துகொண்டே வந்தது. அப்போது ஆச்சிதான், "வாசல்ல நிக்கிறது எல்லாம் வாலைத் தூக்கிட்டு நிக்குதே, ஏன் மக்ளே?" என்று கேட்டார். பெட்டி வாசலில் தேனீக்கள் பின்புறத்தை உயர்த்திச் சிறகடித்துக்கொண்டிருந்தன. ராணி உள்ளே போய்விட்டால் மற்றவற்றை வாசனை காட்டிக் கூப்பிடும் விதம் அது. எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டார்! விளக்கு வெளிச்சத்துக்குத் தேனீ பறந்து போகும் என்று சொன்னதும், பெட்டியை மூடித் தூக்கும் வரை வீட்டில் ஒரு விளக்கும் போடவில்லை அவர். நாங்கள் கிளம்பிய பிறகுதான் அடுப்படியில் வெளிச்சம் வந்தது. அதற்கு எப்படி நன்றி சொல்வது ஆச்சி!

தீயணைப்பு நிலையத்து அண்ணன்மாருக்கு அடுத்த நன்றி. ஜனங்கள் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான். கதண்டு என்கிற குளவியா, மலைத்தேனீயா, பல அடை கட்டிப் பெட்டியிலும் வாழும் அடுக்குத் தேனீயா என்று விசாரித்து, அடுக்குத் தேனீ என்றால் எங்களுக்குச் சொல்லிவிடுகிறீர்கள். அந்த ஒரு கேள்வி போதும், ஒரு தேனீக் குடும்பமே தப்பிக்கிறது. மீட்டர் பெட்டியில் கை வைக்கும் முன் வந்து மின்சாரத்தைத் துண்டித்துத் தந்த லைன்மேன் அண்ணனுக்கும் நன்றி. ராத்திரியில் சிமெண்ட் குழைத்து வந்த கொத்தனார் அண்ணனுக்குத் தனியாக. மெழுகைச் சுரண்டித் துளையை அடைக்காவிட்டால் அந்த வாசனைக்கு அடுத்த கூட்டம் வந்து உட்காரும் என்பதை ஒரு தடவை சொன்னதும் புரிந்துகொண்டார். கூலி வாங்கவில்லை.

மலைத்தேனீ கூடு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களுக்கு நாங்கள் எந்த வேலையும் செய்து தரவில்லை. திறந்தவெளியில் ஒற்றை அடை கட்டி வாழும் அதைப் பெட்டியில் அடைக்க முடியாது. பருவம் முடிந்தால் தானே இடம் மாறும் என்றோம். அந்தப் பக்கத்துப் படிக்கட்டைக் கயிறு கட்டி மறித்து, பிள்ளைகளைக் கல்லெறியாமல் பார்த்து, அது போகும் வரை இருந்தீர்கள். இந்த மடலில் மிகப் பெரிய வேலை செய்தவர்கள் நீங்கள்தான் என்பேன்.

மார்த்தாண்டத்து மூத்த தேனீக்காரர்களுக்கு நான் பட்ட கடன் வேறு. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில் பெட்டியில் தேனீ வளர்ப்பு பரவிய ஊர் அது. 1991, 92இல் புழுக்களைத் தாக்கும் சாக் புரூட் வைரஸ் வந்து பெட்டி பெட்டியாகக் காலியானது. மிச்சம் இருந்தவற்றோடு, பொந்திலும் சுவரிலும் நோயைத் தாங்கி நின்ற கூடுகளைத் தேடிப் பிடித்து வந்துதான் மறுபடியும் தொழிலை எழுப்பியதாக எனக்குக் கற்றுத்தந்த பெரியவர் சொல்வார். சுவரில் இருக்கிற கூட்டை அவர் ஒரு நாளும் தொந்தரவு என்று சொன்னதில்லை, "விதை" என்பார். வாழைநார் முடிச்சை எவ்வளவு இறுக்க வேண்டும், ராணி ஓடிப்போகாமல் வாசல் தகட்டை எத்தனை நாள் விட வேண்டும் என்பதெல்லாம் அவர் கையிலிருந்து வந்தது.

பெட்டி வைக்கத் தோட்டம் தந்தவர்களே, நீங்கள் வாடகை கேட்கவில்லை. தாங்குகாலுக்கு அடியில் எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் பார்க்கிறீர்கள். மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகும் நீங்களே ஊற்றினீர்கள். இனி ரப்பர் இலை உதிர்ந்து தை, மாசியில் புதுத் தளிர் விடும். தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்புக்குத் தேனீக்கள் போகும். அந்தத் தேனை எடுத்ததும், கூடு தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குப்பி வரும். ஆச்சி வீட்டுக்கு நானே கொண்டுவருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் தேன்பெட்டிக்காரன்