முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க

பாப்பா,

பதினொன்றாம் வகுப்புக்கு ஈர்ப்பியல் நடத்தும்போது ராக்கெட் கட்டி விண்வெளியில் ஓட்டும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் கேமைப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டாய். தாராளமாகக் காட்டு. ஆனால் பிள்ளைகளுக்கு ஜாலியாக இருக்கும் என்பதை மட்டும் ஹெச்.எம்.மிடம் காரணமாகச் சொல்லாதே. ராக்கெட் வெடித்தால் சிரிப்பார்கள், பரீட்சையில் பழையபடி சூத்திரத்தை ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான்.

எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒரே சுற்றுப்பாதையில் இரண்டு கலங்கள், பின்னால் இருப்பது முன்னால் போவதைப் பிடிக்க வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டுப் பார். வகுப்பே வேகத்தைக் கூட்டணும் என்று கத்தும். கூட்டினால் பாதை பெரிதாகி, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் கூடி, கலம் இன்னும் பின்தங்கும். கொஞ்சம் குறைத்தால்தான் பாதை சிறிதாகி, சீக்கிரம் சுற்றிவந்து எட்டிப்பிடிக்கும். கெப்ளரின் மூன்றாம் விதிதான், ஆனால் போர்டில் எழுதினால் யாரும் மனதார நம்புவதில்லை.

பிள்ளைகளை விடு, 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தை ஓட்டிய மெக்டிவிட் எப்பேர்ப்பட்ட விமானி! தன்னை மேலே ஏற்றிவிட்டுக் கழன்ற டைட்டன் ராக்கெட் அடுக்கின் அருகே போக அதை நோக்கியே உந்திப் பார்த்தார். எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், கைவிட வேண்டியதாகிவிட்டது. கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டு போன ஜெமினி 6 அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 7-ஐ ஓர் அடி தூரம் வரை நெருங்கியது. இந்தக் கதையை கேம் முடிந்த பிறகு சொல், முன்னால் சொன்னால் விடை தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் விடாதே. எஞ்சினைத் தொடுவதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும், ஏன் என்றும் ஒரு வரி. அப்புறம் ஓட்டட்டும். எழுதாமல் ஓட்டினால், தப்பாகப் போனாலும் 'எனக்கு அப்பவே தெரியும்' என்பார்கள், உனக்குத் தெரியாததா!

கணக்குக்கும் அதிலேயே வழி இருக்கிறது. கேமில் வரும் கெர்பின் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர், தரையில் ஈர்ப்பு முடுக்கம் நம் பூமி போலவே 9.81. 80 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதையின் வேகம் என்ன என்று போடச் சொல். விநாடிக்கு ஏறக்குறைய 2,280 மீட்டர் வரும், திரையிலும் அதையே பார்ப்பார்கள். நம் விண்வெளி நிலையம் மட்டும் ஏன் விநாடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று அடுத்த கேள்வி தானாக வரும். பூமியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆரத்தை வைத்துக்கொண்டு அதே ஈர்ப்பு எப்படி, அந்தக் கோளின் அடர்த்தி என்னவாக இருக்கும் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடு.

கெட்டிக்காரப் பிள்ளை யாராவது சூரியனை ஆராயும் நம் ஆதித்யா எல்1 கலம் போல ஒன்றை அங்கே நிறுத்திக் காட்டச் சொன்னால் முடியாது. அந்த கேம் ஒரு நேரத்தில் ஒரே வான்பொருளின் ஈர்ப்பைத்தான் கணக்கில் எடுக்கும், அதனால் இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து கலத்தை அவற்றோடு கூடவே சுற்றவைக்கும் லெக்ராஞ்சு புள்ளியே அதில் கிடையாது. இதை மழுப்பாமல் சொல்லிவிடு, அதுவும் பாடம்தான்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய கேம் என்பதால் உன் லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் வைத்தே சமாளி. வீட்டில் செய்துபார்க்க கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) சிமுலேஷன்களைச் சொல்லிவிடு, இலவசம், செல்போனிலும் ஓடும்.

அப்பா